முகநூலில் போட்டால் தெருவிளக்கு எரியுமா? யாழ்ப்பாணத்து உள்ளூராட்சி சபைகளும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமத்தில் ஒரு சந்திக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிக்கேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேற்றிங், விண்ணப்பம் நிரப்புதல். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வந்தவர்கள், இப்போது சபைக்கு எதையாவது அனுப்பித் தரச் சொல்லி வருகிறார்கள். ஒரே கேள்வியை ஒரு நாளில் நாலு பேர் கேட்பதால், பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் சபை ஊழியன் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுதானே?

இல்லை. பாதி அலைச்சல் தொடங்குவதே இங்கேதான். பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ் பிரதி, அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவு, விதானையாரோடு (கிராம அலுவலரோடு) சேர்ந்த வேலைகள் எல்லாம் அந்தப் பக்கம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பவை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற உள்ளூராட்சி சபைகள். யாழ் மாவட்டத்தில் இவை 17. யாழ்ப்பாணம் மாநகர சபை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகள், மிச்சம் 13 பிரதேச சபைகள். நல்லூர் போன்ற இடங்களில் செயலகத்துக்கும் சபைக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால், முகநூலில் தேடும்போதும் ஒன்றுக்குப் பதில் மற்றது வந்து நிற்கும்.

வீதிகளும் அப்படித்தான். கண்டி வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதற்கு அடுத்த தரத்தில் உள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை பெரும்பாலும் சபைக்கு. மின்கம்பத்தில் எரிகிற தெருவிளக்கு சபையின் பொறுப்பு. அதே கம்பத்தில் கம்பி அறுந்து தொங்கினால் மின்சார சபையின் 1987க்கு அடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் 1939. எது எந்தத் திணைக்களம் என்றே விளங்கவில்லையானால் 1919 அரசாங்கத் தகவல் நிலையம். அங்கே தமிழிலும் பேசலாம்.

சபையின் உண்மையான பக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தளம் என்றால் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். "கொவ் டொட் எல்கே" என்று முடிந்தால் அரசாங்கத்துடையது. வேறு எப்படி முடிந்தாலும் ஒருக்கா யோசியுங்கள்.

முகநூல் கொஞ்சம் சிக்கல். சபையின் சின்னத்தைப் போட்டு யாரும் ஒரு பக்கம் திறக்கலாம். பக்கத்தின் விபரப் பகுதிக்குள் போனால் எப்போது தொடங்கியது, எத்தனை தரம் பெயர் மாற்றினார்கள், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்று முகநூலே காட்டும். ஒரு தரம் எங்கள் பக்கத்துச் சபையின் பெயரில் இருந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால், அது முதலில் ஒரு கிரிக்கெட் கழகத்தின் பெயரில் இருந்திருக்கிறது. செய்தி எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் சபைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நம்பகமான வழி ஒன்றுதான். சபையின் இணையத்தளத்திலோ அலுவலகப் பலகையிலோ எந்தப் பக்கத்தின் பெயர் இருக்கிறதோ அதை எடுங்கள்.

முகநூல் பக்கத்தில் கருத்துப் போட்டால் முறைப்பாடு கொடுத்ததாக ஆகுமா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

போன மாரிக்கு முன்னம் ஓர் அன்ரி கடைக்கு வந்தார். அவர்களின் ஒழுங்கை முகப்பில் விளக்கு எரிவதில்லை. ரியூசன் முடிந்து பிள்ளை இருட்டுக்குள் வருகிறாள். மகன் அதைப் படம் எடுத்து, சபையின் பக்கத்தில் ஒரு பதிவுக்குக் கீழே போட்டிருக்கிறான். ஃபோனை என்னிடம் நீட்டினார். 140 பேருக்கு மேல் விருப்பம் போட்டிருந்தார்கள். பாரிசில் இருந்து ஒருவர் "எங்கட ஊர் எப்ப திருந்தும்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இரண்டு கட்சிக்காரர்களின் சண்டை.

"லைக் எல்லாம் வந்திருக்கு தம்பி, லைட்தான் எரியேல்லை" என்றார்.

"முறைப்பாட்டு இலக்கம் ஏதும் தந்தவையோ?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

விசயம் இதுதான். ஒரு சபைக்குள் வேலை நடப்பது பதிவேட்டில். முறைப்பாடு பதிவேட்டில் ஏறினால் அதற்கு ஓர் இலக்கமும் திகதியும் கிடைக்கும், அது ஒரு பகுதிக்குப் போகும், அங்கே ஓர் உத்தியோகத்தர் பதில் சொல்ல வேண்டி வரும். முகநூல் பக்கத்தை நடத்துகிறவர் பல இடங்களில் ஓர் இளம் உத்தியோகத்தர். தன் வழக்கமான வேலைக்கு மேலாக அதையும் பார்க்கிறார். உங்கள் கருத்தை அவர் கண்டு, வாசித்து, எழுந்து போய், உரிய மேசையில் சொன்னால்தான் அது உள்ளே போகும். கெட்டிக்காரர் என்றால் செய்வார். அவர் லீவில் நின்றால்?

அன்ரிக்கு அன்றைக்கே ஒரு பக்கக் கடிதம் அடித்துக் கொடுத்தேன். சபையில் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி வந்தார். ஒன்பதாம் நாள் விளக்கு எரிந்தது. மகனின் பதிவால்தான் எரிந்தது என்று மகன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான், சரி, இருக்கட்டும்.

அப்போ வட்ஸ்அப்பில் அனுப்பினால்?

சபை முறைப்பாட்டுக்கென்று ஓர் இலக்கம் அறிவித்திருந்தால் தாராளமாக அனுப்பலாம். முகநூலை விட இது மேல். ஆள் ஆளாகப் பேசுகிற இடம், அனுப்பிய நேரமும் நிற்கும். ஆனால் "லைட் எரியவில்லை, கவனிக்கவும்" என்று மட்டும் அனுப்பினால் அவர்கள் எங்கே போய்த் தேடுவது? நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"கோயிலடி முதலாம் ஒழுங்கை. சனசமூக நிலையத்திலிருந்து கிழக்கே மூன்றாவது கம்பம். கம்பத்தில் எழுதியுள்ள இலக்கம் இன்னது. 3ஆம் திகதியிலிருந்து விளக்கு எரியவில்லை. என் பெயர், வீட்டு இலக்கம், தொலைபேசி இவை. முறைப்பாட்டு இலக்கத்தை அறியத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

படம் அனுப்புவோர் கவனிக்க வேண்டிய ஒன்று. ஃபோன் எடுக்கிற படத்துக்குள் இடத்தின் விபரம் பதிந்திருந்தாலும், வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அது கழன்றுவிடும். லொகேஷனைத் தனியாக அனுப்புங்கள், அதுவும் அந்த இடத்தில் நின்றுகொண்டு. ஒரு பெரியவர் அடைபட்ட வாய்க்காலின் படத்தை என் கடையில் இருந்தபடி லொகேஷனோடு அனுப்பிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து மண்வெட்டியோடு மூன்று பேர் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

சோலைவரியை (வீடு, காணிக்குச் சபைக்குக் கட்டுகிற வரியை) ஃபோனிலேயே கட்டலாமா?

சபைக்குச் சபை வேறுபடும். அரசாங்கம் 2025 பெப்ரவரி 7ஆம் திகதி கொவ்பே என்ற கட்டண முறையைத் தொடங்கியது. உங்கள் வங்கியின் செயலிக்குள்ளேயே அது இருக்கும். நிறுவனங்களின் பட்டியலில் உங்கள் சபையின் பெயர் இருந்தால் அங்கேயே கட்டலாம். இல்லையென்றால் சபையின் வங்கிக் கணக்குக்குப் போட்டுப் பற்றுச்சீட்டு எடுக்க முடியுமா என்று வருமானப் பகுதியில் கேளுங்கள். கணக்கு இலக்கத்தை மட்டும் முகநூல் கருத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து எடுக்க வேண்டாம். அலுவலகத்தில் கேட்டோ வரி அறிவித்தலைப் பார்த்தோ எடுங்கள்.

எந்த வழியில் கட்டினாலும் மதிப்பீட்டு இலக்கத்தை, அதாவது சபை உங்கள் ஆதனத்துக்குக் கொடுத்த இலக்கத்தை, சரியாகக் குறிப்பிட வேண்டும். ஆளின் பெயரை வைத்து அவர்கள் தேடுவதில்லை. முழு வருடத்து வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு, காலாண்டுக்குக் கட்டுகிறவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். ஜனவரி 30, 31 இரண்டு நாளும் சபைக் கவுண்டரில் நிற்கிற வரிசையைப் பார்த்தால், ஃபோனில் கட்டுகிற வசதி யாருக்கு வேண்டும் என்று விளங்கும்.

நான் கனடாவில். ஊரில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எப்படி?

இந்தக் கேள்வி வைபரில் வரும், எங்கள் நேரத்துக்கு நடுச்சாமத்தில். முதலில், வீடு இன்னும் அப்பாவின் பெயரிலோ அப்பப்பாவின் பெயரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். சபைப் பதிவில் பெயர் மாற்றக் காணி உறுதியின் பிரதி வேண்டும். அது இணையத்தில் முடிகிற காரியம் அல்ல, இங்கே ஒருவர் போகத்தான் வேண்டும். வரியைக் கட்டுவது மட்டும் என்றால் மதிப்பீட்டு இலக்கம் தெரிந்த எவரும் உங்கள் சார்பில் கட்டலாம். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலத்தை எறிய வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு காணி விற்கிற நாளில், பழைய பற்றுச்சீட்டுக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்கே தெரியும்.

காணி பற்றை பிடித்து நுளம்பு பெருகுகிறது என்று சபை ஒட்டிய அறிவித்தலை, அயலவர் படம் எடுத்து முகநூலில் போட்டபின்தான் சொந்தக்காரர் டொரன்டோவில் அதைக் காண்கிற கதைகளும் உண்டு. ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சபைக்குக் கொடுத்து வைத்தால் அந்த வெட்கம் மிச்சம்.

கட்டட அனுமதியை இணையத்தில் எடுக்கலாமா?

படிவத்தைத் தரவிறக்கலாம், சில சபைகளில். வரைபடம், உறுதிப் பிரதி, நில அளவைப் படம் எல்லாம் கொண்டு போகத்தான் வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணியை வந்து பார்ப்பார். செயலி எதுவும் உங்கள் மதிலைத் தாண்டி வந்து அளக்காது.

சபை வெளியிட்ட பீடீஎப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் குப்பையாக இருக்கிறதே?

அது பாமினி. யூனிக்கோட் வருவதற்கு முன்னம் எங்கள் பக்கத்தில் தமிழ் தட்டச்சு என்றாலே பாமினி எழுத்துருதான். அதில் திரையில் தெரிவது தமிழ், கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ ஃபோனிலோ திறந்தால் வேசம் கலைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். அதை வைத்தே பாமினி என்று கண்டுபிடித்துவிடலாம். யூனிக்கோடாக மாற்றித் தருகிற தளங்கள் இணையத்தில் உண்டு. பிரதி எடுத்து ஒட்டினால் போதும்.

என் கோபம் எழுத்துருவில் இல்லை. பாமினியில் இருப்பதை கூகுள் தமிழாக வாசிக்காது. காகிதத்தில் அச்சடித்துச் சரிவாக ஸ்கான் பண்ணிப் போட்ட அறிவித்தல் அதை விட மோசம், அதில் தேட எழுத்தே இல்லை. சந்தைக் கடைக் குத்தகைக்குக் கேள்வி கோரல் (டெண்டர்) விட்டிருப்பார்கள், இணையத்தளத்திலும் இருக்கும். ஆனால் "சந்தை குத்தகை" என்று தேடுகிற சின்ன வியாபாரியின் கண்ணில் படாது. அங்கே இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்தான் திறந்து பார்ப்பார். ஒளித்து வைக்க வேண்டும் என்று எவரும் நினைக்காமலே அது ஒளிந்து கிடக்கிறது. இணையத்தளத்துக்கு இலட்சக் கணக்கில் செலவழிப்பதற்கு முன்னம், அறிவித்தலை யூனிக்கோடில் அடித்து அப்படியே ஒட்டச் சொன்னால் எவ்வளவோ காணும்.

சபைக் கூட்டத்தை யூரியூப்பில் பார்க்கலாமா?

சில இடங்களில் உள்ளூர்ச் செய்திச் சனல்கள் போடுகின்றன. பெரும்பாலும் 40 செக்கன். அந்த 40 செக்கனில் ஓர் உறுப்பினர் மேசையில் தட்டுவார், இன்னொருவர் எழுந்து வெளியே போவார். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் வாய்க்கால், மயானம், கட்டாக்காலி மாடு என்று பேசியதை எவரும் வெட்டி ஒட்டிப் போடுவதில்லை, ரிக்ரொக்கில் அது ஓடாது. உங்கள் ஒழுங்கைக்குக் காசு ஒதுக்கினார்களா என்று தெரிய வேண்டுமென்றால் கூட்டறிக்கையைக் கேளுங்கள். மாதாந்தப் பொதுக் கூட்டம் மூடிய கூட்டம் அல்ல, பார்வையாளராகப் போய் இருக்கலாம். நான் ஒரு தரம் போனேன். நித்திரை வந்தது உண்மை, ஆனால் எங்கள் சந்தியின் வடிகால் பற்றி அன்றைக்குத்தான் சரியாக அறிந்தேன்.

எங்கள் வட்டார உறுப்பினரின் பக்கத்தில் சொன்னால் போதாதா?

சொல்லுங்கள், அவர் அழுத்தம் கொடுப்பார். ஆனால் அது அவரின் பக்கம், சபையின் பக்கம் அல்ல. 2018 பெப்ரவரி 10 தேர்தலில் வந்த சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். உறுப்பினர்களின் பக்கங்களில் சொல்லி வைத்தவையெல்லாம் அந்தரத்தில் நின்றன. பதிவேட்டில் ஏறியவற்றை அந்த நாளிலும் போய்க் கேட்க முடிந்தது.

எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. அடுத்து?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அது சண்டை. இருக்கிற தாளைக் கேளுங்கள். "இன்ன திகதியில், இன்ன இலக்கத்தில் நான் கொடுத்த முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கையின் பதிவுப் பிரதி" அல்லது "இன்ன ஒழுங்கைத் திருத்தத்துக்கான மதிப்பீடும் கொடுப்பனவு வவுச்சரும்". எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் விட்டாலோ 14 நாளுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. கேட்கிறவர் இலங்கைப் பிரசையாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் ஊரில் ஒருவரைக் கொண்டு கேட்கலாம்.

முகநூலில் சபை பற்றி வருவதையெல்லாம் நம்பலாமா?

2019இல் யாழ் மாநகர எல்லைக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நட்ட கதை பலருக்கு நினைவிருக்கும். இது 5ஜி கோபுரம், கதிர்வீச்சு வரும் என்று செய்தி பரவி, ஆட்கள் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். இது 5ஜி அல்ல என்று மாநகர சபைத் தரப்பு சொன்னது. கதிர்வீச்சுப் பயத்தில் ஊதிப் பெருத்தது நிறைய என்பது என் எண்ணம். ஆனால் யாரோடு என்ன ஒப்பந்தம், எத்தனை கம்பம், எங்கே, சபைக்கு என்ன வருமானம் என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குத் தமிழில் ஒரு தாள் முதல் நாளே எல்லோர் கையிலும் இருந்திருந்தால், பயத்துக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

வெள்ளம் வரும்போது எதைப் பார்ப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் இது உயிர்ப் பிரச்சினை. வட்ஸ்அப் குழுக்களில் அந்த நேரம் ஓடுகிற படங்களில் பாதி போன வருடத்தவை. படத்தில் இருக்கிற கடைப் பலகை, மதிற்சுவர், தேர்தல் சுவரொட்டி எல்லாவற்றையும் உற்றுப் பாருங்கள், பழசு என்று பிடிபடும். உதவிக்கு 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

முகநூலை மட்டும் நம்பியிருக்கிற சபைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 மார்ச்சில் ஒரு வாரமளவில், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பல நாள், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மணிக்கணக்கில் என்று இந்த நாட்டில் சமூக வலைத்தளங்களை அரசாங்கமே மூடியிருக்கிறது. மழையில் கரன்ட் போனால் ரவரும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். அதனால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி "பொதுமக்களின் கவனத்திற்கு" என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற அந்தப் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று சபைக்காரரைக் கண்டால் சொல்வேன்.

சபையைக் குறை சொல்லிப் பதிவு போட்டால் வழக்கு வருமா?

கண்டதைக் கண்டபடி, இடமும் திகதியும் போட்டு எழுதினால் பயப்பட ஒன்றுமில்லை. "இன்ன உத்தியோகத்தர் காசு அடித்தார்" என்று ஆதாரம் இல்லாமல் எழுதினால் மானநட்ட வழக்கு வரலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்க் கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறது. ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றி எழுதுங்கள். குப்பை கொட்டியவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சபைக்கு அனுப்பினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். ஊருக்கு அனுப்பினால் மிஞ்சுவது பகை.

அம்மாவிடம் ஸ்மார்ட் ஃபோன் இல்லை. அவ என்ன செய்கிறது?

இதுவரை செய்ததையே. எந்தச் செயலி வந்தாலும் கையால் எழுதிய கடிதத்தை வாங்க மாட்டோம் என்று சபை சொல்ல முடியாது. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு சீல் வாங்குங்கள். நடக்க ஏலாது என்றால் பதிவுத் தபால். தபாற் கந்தோரில் தருகிற அந்தச் சின்னத் துண்டைக் கடிதப் பிரதியின் மூலையில் ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். அம்மாமார் அதை பைபிளுக்குள்ளோ தேவாரப் புத்தகத்துக்குள்ளோ வைப்பார்கள், தேடும்போது அங்கேதான் இருக்கும். என் கடையில் ஸ்டேப்ளருக்குக் காசு எடுப்பதில்லை.